‘ஏலியன்’ – கம்பெனி கேட்ட ஆயுதம்

(படம்: ‘ஏலியன்’, 1979. இயக்கம்: ரிட்லி ஸ்காட். திரைக்கதை: டான் ஓபேனன். நடிப்பு: சிகர்னி வீவர், டாம் ஸ்கெரிட், இயன் ஹோம், ஜான் ஹர்ட், யாஃபெட் கோட்டோ மற்றும் பலர்.)

1979ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் வெளியான ‘ஏலியன்’ என்ற ஆங்கிலப் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். பார்க்காதவர்களும் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மனிதனின் மார்பைப் பிளந்துகொண்டு ஒரு ஜந்து வெளியே வரும் காட்சி அத்தனை பிரசித்தம். அந்த ஒரு காட்சியினாலேயே இது வெறும் பூதப் படம் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டது.

விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் இப்படத்தைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. படத்தில் வரும் உயிரியல் எவ்வளவு தூரம் உண்மை? எந்த இடத்தில் அது கற்பனையாகிறது? அந்த ஜந்து யாருக்கு, எதற்காகத் தேவைப்பட்டது? முதல் இரண்டு கேள்விகளுக்கு நாமே பதில் தேடிக்கொள்ளலாம். மூன்றாவது கேள்விக்குப் படமே பதில் சொல்கிறது. ஒரு சில வாக்கியங்களில் சொல்லப்படும் அந்தப் பதில்தான் படத்தின் உயிர்நாடி என்பது நமது கருத்து.

கதைச் சுருக்கம்

‘நாஸ்ட்ரோமோ’ என்பது ஒரு சரக்கு விண்கலம். 2 கோடி டன் கனிமத்தை இழுத்துக்கொண்டு பூமிக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அதில் ஏழு பேரும் ஒரு பூனையும் நீண்ட உறக்கத்தில் இருக்கிறார்கள். விண்கலத்தின் கம்ப்யூட்டருக்குப் பெயர் ‘மதர்’, அதாவது தாய். வழியில் ஒரு கோளிலிருந்து இனந்தெரியாத சமிக்ஞை வருகிறது. கம்ப்யூட்டர் எல்லாரையும் எழுப்புகிறது.

இங்கே ஒரு சின்ன விவரத்தைக் கவனியுங்கள். பணியாளர்களுக்கு அந்தக் கோளில் இறங்க விருப்பமில்லை. பழுது பார்க்கும் தொழிலாளிகளான பார்க்கரும் பிரெட்டும், “இது எங்கள் வேலையல்ல, செய்வதானால் கூடுதல் பணம் வேண்டும்” என்கிறார்கள். விஞ்ஞான அதிகாரி ஆஷ் ஒப்பந்தத்தை நினைவூட்டுகிறார். அறிவுள்ள உயிர்கள் அனுப்பியதாக இருக்கக்கூடிய எந்தச் சமிக்ஞையையும் ஆராய்ந்தே தீர வேண்டும். மறுத்தால் பங்குத்தொகை முழுவதும் பறிபோகும். வாய் மூடுகிறது, விண்கலம் இறங்குகிறது.

கேன் என்பவர் அங்கே சிதைந்து கிடக்கும் ஒரு பழைய கலத்துக்குள் முட்டைகளைக் காண்கிறார். ஒரு முட்டை பிளந்து, சிலந்தி போன்ற ஒரு பிராணி அவர் முகத்தைக் கவ்விக்கொள்கிறது. பிறகு அது தானாகவே உதிர்ந்து சாகிறது. கேன் கண் விழித்து, நலமாகிவிட்டதுபோல் சாப்பிட உட்காருகிறார். அப்போதுதான் அவர் மார்பிலிருந்து அந்தக் குட்டி வெளிப்படுகிறது. சில மணி நேரத்தில் ஆளை மிஞ்சும் உருவமாகி, ஒவ்வொருவராக வேட்டையாடுகிறது. கடைசியில் ரிப்ளி என்ற பெண் அதிகாரியும் பூனையும் மட்டுமே மிஞ்சுகிறார்கள்.

குளவியிடம் கற்ற பாடம்

ஓர் உயிரின் உடலுக்குள் வேறோர் உயிர் வளர்ந்து, அதைக் கொன்றுவிட்டு வெளியேறுவது வக்கிரமான கற்பனை என்று நினைக்கிறீர்களா? உங்கள் வீட்டுத் தோட்டத்திலேயே அது அன்றாடம் நடக்கிறது. ஒட்டுண்ணிக் குளவிகள் உயிருள்ள புழுக்களின் உடலுக்குள் ஊசி போன்ற உறுப்பால் முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வரும் இளம்புழு, தனக்கு இடம் கொடுத்த புழுவை உள்ளிருந்தே தின்கிறது. முக்கிய உறுப்புகளை உடனே தொடுவதில்லை. இடம் கொடுத்த உயிர் சீக்கிரம் செத்துவிட்டால் உணவு கெட்டுப்போகுமல்லவா! வளர்ந்து முடிந்தபின் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. சார்லஸ் டார்வினையே சங்கடப்படுத்திய பூச்சிகள் இவை. கருணையுள்ள கடவுள் இவற்றைத் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்று 1860இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிட்டார்.

ஆனால் அதே குளவி நமக்கு நண்பனும்கூட. 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் காணப்பட்டது. பப்பாளியோடு மரவள்ளி, மல்பெரி ஆகியவற்றையும் அது நாசமாக்கியது. மருந்தடித்துப் பயனில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டன. அவற்றுள் ‘ஏசரோஃபேகஸ் பப்பாயே’ என்ற கடுகளவுகூட இல்லாத குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டுப் பெருகி, சில மாதங்களிலேயே அதை அடக்கியது. வந்த குளவிகளை நேரே தோட்டத்தில் விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் பெங்களூரில் தனிமைப்படுத்தி வைத்து, மற்றப் பூச்சிகளுக்கு அவற்றால் கேடு உண்டா என்று சோதித்த பிறகே வெளியில் விட்டார்கள். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் வரும் ஒரு கதவுக்கு இது பதில் சொல்லும்.

கணக்கு உதைக்கும் இடங்கள்

ஒட்டுண்ணி என்ற அடிப்படைக் கருத்து சரியானது. விவரங்களில் படம் பல இடங்களில் சறுக்குகிறது.

முதலாவது, வளர்ச்சி. கைக்கு அடங்கும் குட்டி சில மணி நேரத்தில் ஏறத்தாழ 7 அடி உயரமாகிறது. அந்தச் சதை எங்கிருந்து வந்தது? பட்டுப்புழுவும் பிரமிக்கத்தக்க வேகத்தில் வளர்கிறது. சுமார் 25 நாட்களில் தன் எடையைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கிக்கொள்கிறது. ஆனால் அதற்காக இரவும் பகலும் இலை தின்கிறது என்பதைப் பட்டு வளர்க்கும் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்வார்கள். தின்னாமல் எடை கூடாது. படத்தின் ஜந்து எதைத் தின்றது என்பதைக் காட்டவே இல்லை.

இரண்டாவது, பொருத்தம். ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் குறிப்பிட்ட ஓரிரு உயிர்களையே நாடும். இடம் கொடுக்கும் உயிரின் நோய் எதிர்ப்புச் சக்தியை ஏமாற்றும் தந்திரத்தைப் பல லட்சம் ஆண்டுகள் கூடவே வாழ்ந்துதான் அவை கற்கின்றன. பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கிய குளவி உங்களையும் என்னையும் ஒன்றும் செய்யாததற்கு இதுவே காரணம். மனிதனை ஒருபோதும் கண்டிராத வேற்றுலக ஜந்து முதல் சந்திப்பிலேயே மனித உடலில் குடியேறுவது நம்பத்தக்கதல்ல.

மூன்றாவது, அமில ரத்தம். அந்த ஜந்துவின் ரத்தம் விண்கலத்தின் தளத்தையே அரித்துக்கொண்டு கீழே இறங்குகிறது. உலோகத்தைத் தின்னும் அமிலம் அதன் உடலை மட்டும் ஏன் தின்னவில்லை? இங்கே படத்துக்காகக் கொஞ்சம் வாதாடலாம். நம் இரைப்பையிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதன் உட்சுவரைச் சளிப்படலம் ஒன்று காக்கிறது. காப்பு எங்கேனும் குறைந்தால் குடற்புண் வருகிறது. ஆகவே அமிலத்தை உடம்பில் வைத்துக்கொள்வது இயலாததன்று. ஆனால் எஃகுத் தளத்தை நொடிகளில் துளைக்கும் அமிலம் என்பது மிகை.

நான்காவது, ஒலி. விண்வெளியில் நீங்கள் அலறினால் யாருக்கும் கேட்காது என்ற பொருளில்தான் இப்படத்தை விளம்பரப்படுத்தினார்கள். ஒலி பரவ ஊடகம் வேண்டும் என்ற பாடத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் படத்துக்குள் நாஸ்ட்ரோமோ வெற்றிடத்தில் உறுமிக்கொண்டே போகிறது. வெடிக்கும்போதும் முழக்கம் கேட்கிறது! விளம்பரம் எழுதியவர் பௌதிகம் படித்திருக்கிறார். ஒலிப்பதிவு செய்தவர் மறந்துவிட்டார்.

திறந்திருக்கக் கூடாத கதவு

இத்தனை குறைகளையும் மன்னிக்க வைக்கும் ஒரு காட்சி படத்தில் உண்டு. அதில் பூதமும் இல்லை, தந்திரக் காட்சியும் இல்லை. முகத்தில் பிராணி கவ்விய கேனைத் தூக்கிக்கொண்டு தலைவர் டாலஸும் லாம்பர்ட்டும் விண்கலத்தின் கதவருகே நிற்கிறார்கள். உள்ளே ரிப்ளி. தலைவர் வெளியே இருப்பதால் அப்போது அதிகாரம் அவளுடையது. 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும் என்பது விதி. கதவைத் திறக்க முடியாது என்கிறாள். சாகக் கிடப்பவனை வெளியே நிறுத்துவதா என்று வெளியில் இருப்பவர்கள் கொதிக்கிறார்கள். படம் பார்க்கும் நமக்கும் அந்த நேரத்தில் ரிப்ளி கல்நெஞ்சக்காரியாகவே தெரிகிறாள். அப்போது ஆஷ் பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்துவிடுகிறான். ‘அப்பாடா’ என்று இருக்கிறது. அந்த நிம்மதிக்குப் பல உயிர்கள் விலை.

இந்த விதி கற்பனையல்ல. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம், வேற்றுலகப் பொருள்களால் பூமியின் சூழலுக்குக் கேடு வராமல் நாடுகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 1969இல் சந்திரனிலிருந்து திரும்பிய அப்போலோ-11 வீரர்கள் 21 நாள் தனிமைக் கணக்கு முடியும்வரை வீட்டுக்குப் போகவில்லை. உலகமே கொண்டாடிய வீரர்களை அமெரிக்க ஜனாதிபதி கண்ணாடிக்கு அப்பால் நின்றுதான் வரவேற்றார். சந்திரனில் கிருமி எதுவும் இல்லை என்பது உறுதியானபின், அப்போலோ-14க்குப் பிறகு இந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. இரக்கம் மேலிடும் நேரத்தில் நாம் தவறிவிடுவோம் என்பதை அறிந்துதான் இத்தகைய விதிகளை முன்கூட்டியே எழுதி வைக்கிறார்கள்.

ஆனால் ஆஷ் கதவைத் திறந்தது இரக்கத்தினால் அல்ல. அதுதான் படத்தின் மர்மம்.

உத்தரவு எண் 937

பலர் இறந்தபின் ரிப்ளி கம்ப்யூட்டரை நேரடியாகக் கேள்வி கேட்கிறாள். விஞ்ஞான அதிகாரியின் கண்களுக்கு மட்டுமான சிறப்பு உத்தரவு 937 திரையில் வருகிறது. ஜந்துவை ஆய்வுக்காகக் கொண்டுவருவதே முதல் கடமை. மற்றவையெல்லாம் அதற்குப் பிற்பட்டவை. பணியாளர்களை இழந்தாலும் பாதகமில்லை. இதுதான் உத்தரவின் சாரம். ஆஷ் மனிதனே அல்ல, கம்பெனி அனுப்பிய இயந்திர மனிதன் என்பதும் அடுத்துத் தெரியவருகிறது. பயணம் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போதுதான் பழைய விஞ்ஞான அதிகாரியை மாற்றி அவனைச் சேர்த்திருந்தார்கள். கம்பெனியின் ஆயுதப் பிரிவுக்கு அந்த ஜந்து தேவைப்பட்டிருக்க வேண்டும் என்று ரிப்ளி ஊகிக்கிறாள்.

இதைக் கேட்டபின் படத்தின் தொடக்கத்தை மீண்டும் எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தத்தில் இருந்த அந்த ஒரு ஷரத்து வேறு பொருள் தருகிறது. ஏழு பேரும் தூண்டில் புழுக்கள். குளவி எப்படிப் புழுவைத் தன் குஞ்சுக்கு உணவாகப் பயன்படுத்துகிறதோ, அப்படியே கம்பெனி தன் தொழிலாளிகளைப் பயன்படுத்துகிறது. ஆனால் குளவிக்கு வேறு வழி தெரியாது, கம்பெனிக்குத் தெரியும். இந்த ஒப்புமையைப் படம் வாய்விட்டுச் சொல்லாமல் நம்மிடமே விட்டுவிடுவது அதன் பெருமை.

நிஜத்தில் நடந்தவை

கம்பெனியின் ஆயுத ஆசை கதாசிரியரின் மிகைப்படுத்தலா? சரித்திரத்தைப் பார்ப்போம்.

1936இல் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் என்ற மாபெரும் ரசாயனக் கம்பெனியில் கெர்ஹார்ட் ஷ்ரேடர் என்ற விஞ்ஞானி பூச்சிமருந்து தேடிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்தது டாபுன். ஒரு துளி சிந்தியதில் அவருக்கும் உதவியாளருக்கும் கண்பாவை சுருங்கியது; மூச்சுத் திணறியது. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகும் ரசாயனத்தை வேலை முடிந்ததும் சிதைக்க ஒரு நொதி இருக்கிறது. டாபுன் அந்த நொதியை முடக்கிவிடும். தசைகள் ஓய்வின்றி இழுபட்டு, மூச்சு நின்று மரணம். பூச்சிக்கும் மனிதனுக்கும் இதில் வேறுபாடில்லை. ராணுவப் பயனுள்ள கண்டுபிடிப்புகளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நாஜி அரசின் ஆணை. செய்தி போயிற்று. 1938இல் அதைவிடக் கொடிய சாரின் வந்தது. கண்டுபிடித்த நால்வரின் பெயர்களிலுள்ள எழுத்துகளைச் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார்கள்! அந்த நால்வரில் ஒருவரான ஓட்டோ அம்புரோஸ் கம்பெனியின் உயர் அதிகாரி. டாபுனைத் தயாரிக்க டியர்ன்ஃபுர்ட் என்ற இடத்தில் ஆலை எழுந்தது. அங்கே வதைமுகாம் கைதிகளை வேலை வாங்கினார்கள். யுத்தம் முடிவதற்குள் சுமார் 12,000 டன் டாபுன் தயாராயிற்று. 1948இல் நியூரம்பர்க் நீதிமன்றம் அம்புரோஸுக்கு அடிமை உழைப்புக் குற்றத்துக்காக 8 ஆண்டுச் சிறை விதித்தது. ‘பணியாளர்களை இழந்தாலும் பாதகமில்லை’ என்ற வரி படத்துக்கு முன்பே நிஜ உலகில் அமலில் இருந்தது.

உயிரையே ஆயுதமாக்கும் முயற்சிகளும் நடந்தன. 1942இல் பிரிட்டன் ஸ்காட்லாந்துக்கு அருகிலுள்ள குரூயினார்டு என்ற சிறு தீவில் ஆடுகளைக் கட்டிவைத்து, அடைப்பான் நோய்க் கிருமியைக் குண்டுகளில் வைத்துச் சோதித்தது. ஆடுகள் செத்தன, கிருமியின் வித்துகள் மண்ணிலேயே தங்கிவிட்டன. ஃபார்மால்டிஹைடு கரைசலைக் கொட்டி மண்ணைச் சுத்தம் செய்து, 1990இல்தான் தீவு பாதுகாப்பானது என்று அறிவிக்க முடிந்தது. ஒரு சோதனைக்கு 48 ஆண்டுகள் விலை.

இன்னொரு சம்பவம் இப்படத்துக்குக் காலத்தால் மிக நெருக்கமானது. 1979 ஏப்ரல் தொடக்கத்தில், படம் வெளிவர ஏழெட்டு வாரம் இருக்கையில், சோவியத் யூனியனின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரில் ஒரு ராணுவ ஆய்வகத்திலிருந்து அடைப்பான் வித்துகள் காற்றில் கசிந்தன. 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கெட்ட இறைச்சி தின்றதால் வந்த நோய் என்று அரசு சொன்னது. 1992இல் ஜனாதிபதி யெல்ட்சின் ராணுவமே காரணம் என ஒப்புக்கொண்டார். மாத்யூ மெசெல்சன் தலைமையிலான விஞ்ஞானிகள் நேரில் சென்று ஆராய்ந்து 1994இல் முடிவை வெளியிட்டார்கள். இறந்தவர்கள் அன்று எங்கே இருந்தார்கள் என்று வரைபடத்தில் குறித்தபோது, ஆய்வகத்திலிருந்து காற்று வீசிய திசையில் ஒரே குறுகிய பட்டையில் புள்ளிகள் விழுந்தன. கால்நடைகள் இறந்த கிராமங்களும் அதே கோட்டின் தொடர்ச்சியில் இருந்தன. இறைச்சி காற்றின் திசை பார்த்து விற்பனையாவதில்லை அல்லவா? ஒரு வரைபடம் பதின்மூன்று ஆண்டுப் பொய்யை உடைத்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1972இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு 1975இல் அமலுக்கு வந்த உயிரியல் ஆயுத ஒப்பந்தத்தில் சோவியத் யூனியனும் சேர்ந்திருந்தது. மருந்தும் தடுப்பூசியும் தயாரிக்கும் நிறுவனம் போல வெளியில் தோன்றிய ‘பயோபிரெப்பராட்’டின் பின்னால் ஆயுத ஆராய்ச்சி தொடர்ந்தது. ரசாயன ஆயுத ஒப்பந்தத்தை மேற்பார்வையிட ஹேக் நகரில் ஒரு நிறுவனம் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் ஆலைகளுக்குச் சென்று பார்க்கிறார்கள். உயிரியல் ஆயுத ஒப்பந்தத்துக்கு அத்தகைய சோதனை ஏற்பாடு இல்லை.

படம் எங்கே தவறுகிறது?

இந்தச் சரித்திரத்தோடு ஒப்பிடும்போதுதான் படத்தின் பெரிய குறை தெரிகிறது. அமில ரத்தமும் திடீர் வளர்ச்சியும் அதற்குமுன் அற்பம். உத்தரவை நிறைவேற்றுபவனை இயந்திரமாகக் காட்டிவிட்டது அக்குறை. ஆஷ் செய்வது அவனுக்குள் எழுதப்பட்டது. அவனால் மறுக்க முடியாது. அவன் தலை துண்டானதும் நாம் பெருமூச்சு விடுகிறோம். ஆனால் ஷ்ரேடர் இயந்திரமல்ல. ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் வித்துகளை வளர்த்தவர்களும் இயந்திரங்களல்ல. படித்தவர்கள், குடும்பமுள்ளவர்கள், மறுத்திருக்கக் கூடியவர்கள். உத்தரவில் கையெழுத்திட்டவர்களைப் படம் ஒருமுறையேனும் காட்டுவதில்லை. பயத்தைக் கூட்ட இது உதவுகிறது. பொறுப்பு யாருடையது என்பதை மறைக்கவும் உதவிவிடுகிறது.

1986இல் ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய ‘ஏலியன்ஸ்’ என்ற அடுத்த படம் இதைச் சரி செய்தது. அதில் கம்பெனியின் ஆளாக வரும் பர்க் சிரித்த முகமுள்ள சாதாரண மனிதன். தனிமைப்படுத்தும் சோதனையை ஏமாற்ற, ரிப்ளியின் உடலுக்குள்ளும் ஒரு சிறுமியின் உடலுக்குள்ளும் ஜந்துவை ஒளித்துக் கொண்டுபோகத் திட்டமிடுகிறான். துப்பாக்கிச் சத்தத்தில் முதல் படத்தின் அமைதியை அது இழந்துவிட்டாலும், இந்த ஒரு பாத்திரத்தில் அது முதல் படத்தை விஞ்சுகிறது.

கலை நோக்கில் முதல் படமே மேலானது. சுவிட்சர்லாந்து ஓவியர் எச்.ஆர். கைகர் வடிவமைத்த ஜந்துவை ரிட்லி ஸ்காட் முழுமையாகக் காட்டாமல், நிழலாகவும் வாலாகவும் பல்லாகவும் காட்டுகிறார். மிச்சத்தை நம் மனம் வரைந்துகொள்கிறது. விண்கலம் பளபளக்கும் அரண்மனையாக இல்லை; எண்ணெய்ப் பிசுக்கும் ஒழுகும் குழாயும் நிறைந்த ஆலையாக இருக்கிறது. அதில் இருப்பவர்களும் வீரர்களல்லர். சம்பளப் பாக்கி பேசும் தொழிலாளர்கள். அதனாலேயே அவர்கள் சாவு நம்மைத் தைக்கிறது. தந்திரக் காட்சிகளுக்காக இப்படம் ஆஸ்கார் பரிசு பெற்றது.

மாணவ நண்பர்களே, இப்படத்தைப் பார்க்க வாய்த்தால் பாருங்கள். சிறுவர்களுக்கு ஏற்றதல்ல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மார்பைப் பிளக்கும் காட்சியில் கண்ணை மூடிக்கொண்டாலும் குற்றமில்லை. கதவருகே ரிப்ளி நிற்கும் காட்சியில் கண்ணைத் திறந்து வையுங்கள். பப்பாளித் தோட்டத்தைக் காத்த குளவியும், குரூயினார்டு தீவைக் கெடுத்த கிருமியும் இயற்கையின் பிள்ளைகளே. ஒன்றைச் சோதித்து, அடைத்துவைத்து, பிறகே திறந்துவிட்டார்கள். மற்றொன்றைக் கொல்வதற்கென்றே குண்டில் அடைத்தார்கள். நாளை உங்களில் சிலர் ஆய்வகங்களில் வேலை செய்வீர்கள். உங்கள் மேசைக்கும் ஓர் உத்தரவு வரலாம். அதைப் படித்துப் பார்க்கவும், தேவையானால் கதவைத் திறக்க மறுக்கவும் உங்களால் முடியும். ஆஷுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.